வேங்கிக்கால் பெருசா, லாஸ் சாண்டோஸ் பெருசா?

"மாமா, இந்த ஊர் ரொம்பச் சின்னது."

சொன்னவன் என் அக்கா மகன். இருபத்து நாலு வயசு. சொன்ன இடம், வேங்கிக்காலில் அக்கா வீட்டு மாடி ரூம். சொல்லும்போது என் பக்கம் திரும்பக்கூட இல்லை. லேப்டாப்பில் ஒரு சிவப்புக் காரை (அடுத்தவன் கார்! கதவைத் திறந்து, உள்ளே இருந்தவனை இழுத்து ரோட்டில் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டது) ரோடு, பிளாட்பாரம் என்ற பேதமில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"எந்த ஊர்?" என்றேன். ஸ்கிரீனில் ஒரு ஊர் தெரிகிறது. ஜன்னலில் ஒரு ஊர் தெரிகிறது. எதைச் சொல்கிறான் என்று தெரிய வேண்டாமா?

ஒரு வினாடி யோசித்தான். "ரெண்டும்தான்."

ஸ்கிரீனில் இருந்தது லாஸ் சாண்டோஸ். 2013-ல் வந்த ஜி.டி.ஏ. ஃபைவ் விளையாட்டுக்காக, லாஸ் ஏஞ்சலீஸைப் பார்த்துச் செய்த கற்பனை நகரம். கடல், மலை, பாலைவனம், பங்களாக்கள் எல்லாம் உண்டு. மாப்பிள்ளை ஸ்கூல் படிக்கிற காலத்திலிருந்து அங்கே குடியிருக்கிறான். முதல் மாசம் வழி தெரியாமல் அலைந்தானாம். இப்போது எந்தச் சந்தில் திரும்பினால் எந்தச் சுவரில் இடிக்கும் என்பது தூக்கத்தில்கூடத் தெரியும்.

"பத்து நிமிஷத்துல இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்குப் போய்டலாம் மாமா. இவ்ளோ செலவு பண்ணவன், இன்னும் கொஞ்சம் பெருசா போட்டிருக்கக் கூடாதா?"

ஜன்னலில் இருந்தது வேங்கிக்கால். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகிற ரோட்டில் இருக்கிறது. 1989-ல் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் ஆபீஸ் இருப்பது வேங்கிக்காலில்தான். ஆபீஸ் வந்தால் ஆபீசர்கள் வருவார்கள், ஆபீசர்கள் வந்தால் பிளாட் போடுவார்கள். அப்படி வளர்ந்த ஊர். இதையும் அவன் பத்து நிமிஷத்தில் சுற்றி வந்துவிடுவானாம். கல்யாணம் முடிந்ததும் பெங்களூருக்கே போய்விடப் போகிறானாம். கல்யாணம் அவனுக்கு இல்லை, அவன் தங்கைக்கு.

கீழேயிருந்து அக்கா குரல்: "டேய், உன் மாமன் வந்து ஒரு மணி நேரமாச்சு! பத்திரிகை வைக்கக் கிளம்புறீங்களா, இல்ல நானே போகட்டுமா?"

பெண்ணின் தாய்மாமன் நான். தப்பிக்க முடியாது. மஞ்சள் பையில் பத்திரிகை, ஒரு தட்டு, வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ். வேங்கிக்காலில் மட்டும் இருபத்தாறு வீடு என்று அக்கா லிஸ்ட் போட்டிருந்தாள். மாப்பிள்ளை லிஸ்ட்டைப் பார்த்தான். கணக்குப் போட்டான்.

"எல்லாம் மூணு கிலோமீட்டருக்குள்ளதான் மாமா. ஒரு வீட்டுக்கு ரெண்டு நிமிஷம். ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டு வந்து சாப்பிடலாம்."

காலை ஒன்பதரை மணிக்குக் கிளம்பினோம்.

* * *

இந்த விளையாட்டு நகரங்கள் போதுமான அளவு பெரிசாக இருக்கின்றனவா என்று உலகம் பூராவும் பையன்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் விவகாரமான கேள்விதான்.

வெறும் நிலம்தான் வேண்டும் என்றால் அது எப்போதோ கிடைத்துவிட்டது. 1996-லேயே டாகர்ஃபால் என்று ஒன்று வந்தது. அதில் இருக்கும் தேசம் கிட்டத்தட்ட பிரிட்டன் அளவு என்று செய்தவர்களே சொன்னார்கள். நகரம், கிராமம், நிலவறை எல்லாம் சேர்த்துச் சுமார் 15,000 இடங்கள். யார் உட்கார்ந்து செய்தது? யாரும் இல்லை. பெரும்பாலானவற்றைக் கம்ப்யூட்டரே சீட்டுக் குலுக்குகிற மாதிரி கலைத்துப் போட்டுக் கட்டியது. அதனால் நாலாவது ஊரைப் பார்க்கும்போதே நாலாயிரமாவது ஊரையும் பார்த்த மாதிரிதான். நம் புதுப் பிளாட்டுகளில் எல்லா நகரிலும் ஒரு மூன்றாவது குறுக்குத் தெரு இருக்குமே, அது மாதிரி.

2020-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் மொத்த பூமியும் இருக்கிறது. சாட்டிலைட் படத்திலிருந்து எடுத்துப் போட்டுவிட்டார்கள். நீங்கள் விமானத்தில் திருவண்ணாமலை மேலேயும் பறக்கலாம். பறக்கலாம், அவ்வளவுதான். இறங்கி ஒரு டீ சொல்ல முடியாது.

சுருக்கிச் செய்தவர்களும் உண்டு. செக் நாட்டுக் கம்பெனி ஒன்று 2012-ல் விட்ட யூரோ டிரக் சிமுலேட்டர் டூ-வில், ஐரோப்பாவின் ரோடுகளை 19-ல் ஒரு பங்காகக் குறுக்கியிருக்கிறார்கள். இந்தக் கணக்கில் சென்னையிலிருந்து திருவண்ணாமலை சுமார் பத்து கிலோமீட்டர். தாம்பரத்தில் கண்டக்டர் பாக்கிச் சில்லறை கொடுப்பதற்குள் ஊர் வந்துவிடும். (அப்போதும் கொடுக்க மாட்டார்.) பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் 737 மீட்டர் ஆகிவிடும். இந்திர லிங்கத்துக்கும் ஈசான்ய லிங்கத்துக்கும் நடுவே எட்டு லிங்கத்தையும் முடித்துவிட்டு, எட்டரை மணி டிபனுக்கு வீட்டில் இருக்கலாம்.

ஜி.டி.ஏ.-வில் இன்னொரு வசதி. நேரத்தையும் குறுக்கிவிட்டார்கள். அங்கே ஒரு நிமிஷம் என்பது நமக்கு இரண்டு வினாடி. ஒரு முழு நாள், 48 நிமிஷம்.

இதை மாப்பிள்ளையிடம் சொன்னபோது நாங்கள் முதல் வீட்டில் இருந்தோம். முதல் வீட்டிலேயே ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. அதாவது லாஸ் சாண்டோஸில் ஒரு நாள் முடிந்து மறுநாள் சூரியன் உதித்துவிட்டது. இங்கே வீட்டுக்கார அம்மா இப்போதுதான் இரண்டாவது தடவையாகப் பால் வைக்கப் போயிருந்தார்கள்.

"மாப்பிள்ளை எந்த ஊர்? என்ன வேலை? அவங்க அப்பா யாரு? ஓ... ஆரணியா? ஆரணியில எங்க? அங்க எங்க சின்ன நாத்தனார்..."

கிளம்ப முடியாது. காபி வேண்டாம் என்று சொன்னால் அது கல்யாணத்தையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

* * *

நாலாவது வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகை வைத்தால் மட்டும் போதாது, மாடியைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். சென்ட்ரிங் பலகை, கம்பி எல்லாம் தாண்டி ஏறினோம். எதிரே மலை.

800 மீட்டருக்குச் சற்று மேல் உயரம். மறைக்க ஒன்றுமில்லை. நெற்றிக்கு நேரே நிற்கிறது.

அங்கே நின்றுதான் மாப்பிள்ளை ஒரு நல்ல விஷயம் சொன்னான். 2004-ல் வந்த ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸில் மூன்று நகரங்கள். நடுவில் காடு, கிராமம், பாலைவனம். ஆடியவர்கள் எல்லோரும் 'அம்மாடி, எவ்வளவு பெரிய தேசம்' என்று வாயைப் பிளந்தார்கள். நிஜத்தில் அது பெரிய இடமே இல்லை. அது ஓடிய பிளேஸ்டேஷன் டூ பெட்டியின் மெமரி வெறும் 32 எம்.பி. தூரத்தில் இருப்பதையெல்லாம் வரைய அதற்குத் தெம்பு கிடையாது. அதனால் கொஞ்ச தூரத்துக்கு அப்பால் ஒரு புகை மூட்டத்தைப் போட்டு மூடிவிட்டார்கள். புகைக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ என்று நம் மனசு தானாக நாலு மைலைச் சேர்த்துக்கொண்டது.

2021 நவம்பரில் அதையே பாலிஷ் போட்டுப் புதுசாக விட்டார்கள். இப்போதுதான் மிஷின் எல்லாம் பலசாலி ஆகிவிட்டதே, புகை எதற்கு என்று எடுத்துவிட்டார்கள். போச்சு! மவுன்ட் சிலியட் என்ற மலை உச்சியில் போய் நின்றால் மொத்த தேசமும் கண்ணுக்கு முன்னால் பொம்மைக் கொலு மாதிரி தெரிந்தது. மூன்று மாநகரமும் ஒரே தாலுகாவுக்குள். பழைய ரசிகர்களுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அதான் மாமா. மலை தெரிஞ்சாலே ஊர் சின்னதாய்டும்."

நான் எதிரே காட்டினேன். "இது தெரியுதே?"

"இது..." என்று இழுத்தான்.

கிரிவலம் போனவர்களுக்குத் தெரியும். பதினாலு கிலோமீட்டரும் மலை கூடவே வருகிறது. ஒளிவு மறைவு இல்லை. மலை உங்களுக்கு எல்லாவற்றையும் காட்டிவிட்டது என்று நினைத்து நடப்பீர்கள். பத்து நிமிஷம் கழித்து நிமிர்ந்தால் வேறு மலை நிற்கும். ஒரு பக்கம் ஒற்றைக் கூம்பு. இன்னொரு பக்கம் தோளைச் சாய்த்துக்கொண்டு படுத்திருக்கும். பஞ்சமுக தரிசனம் என்று ஒரு இடம், அங்கே ஐந்து சிகரம். இதில் செருப்பு வேறு கிடையாது. வெறுங்காலுக்கு ஒவ்வொரு கல்லும் தனித் தனி ஊர். நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம். அதே பாதையை ஆட்டோவில் சுற்றினால் அரை மணி. ஆட்டோவில் சுற்றியவர், "ப்பூ, இவ்வளவுதானா?" என்பார். நடந்தவர் வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, "எம்மாம் பெரிய மலைடா சாமி" என்பார்.

லாஸ் சாண்டோஸை நீ எப்போதாவது நடந்து சுற்றியிருக்கிறாயா என்று கேட்டேன்.

"கார் இருக்கும்போது எவன் மாமா நடப்பான்?"

* * *

மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு மறுபடி கிளம்பினோம். முடிந்தது ஏழு வீடு. வயிற்றில் ஏழு காபி, இரண்டு ரவா லட்டு, ஒரு கப் பாயசம். எனக்குச் சர்க்கரை உண்டு. ஆனால் அதை வெளியே சொன்னால், "பரவால்ல, இன்னைக்கு ஒரு நாளைக்கு" என்பார்கள். ஏழு வீட்டிலும் இன்றைக்கு ஒரு நாள்தான்.

லாஸ் சாண்டோஸில் ஆயிரக்கணக்கான கதவுகள் இருக்கின்றன. திறக்கிறவை கொஞ்சம்தான். மீதியெல்லாம் சுவரில் ஒட்டிய படம். ஜனங்கள் தெருவில் போவார்கள், வருவார்கள். இடித்தால் திட்டுவார்கள். மூலை திரும்பியதும் அவர்களை மிஷின் அழித்துவிடும். மெமரியை மிச்சம் பிடிக்க வேண்டாமா? நீங்கள் திரும்பி வந்தால் அதே இடத்தில் வேறு ஆள்.

இதில் ஜப்பான்காரன் கெட்டிக்காரன். 1999-ல் ஷென்மூ என்று ஒரு ஆட்டம். யோகோசுகா என்ற ஊரின் சில தெருக்கள்தான். ஆனால் வீட்டு அலமாரி டிராயரை இழுத்துப் பார்க்கலாம். கடை திறக்கிற நேரத்துக்குத்தான் திறக்கும். அதுவரை ஹீரோ கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். பிற்பாடு கப்பல் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்ட வேலைக்கும் போகிறான். விளையாட்டிலும் ஆபீஸா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அப்புறம் 2005-ல் யாகுசா. டோக்கியோவின் கபுகிச்சோ பேட்டையைப் பார்த்துச் செய்த சின்னஞ்சிறு வட்டாரம். அடுத்தடுத்து வந்த பாகங்களிலும் பெரும்பாலும் அதே தெரு, அதே முனைதான். யாரும் போரடிக்கிறது என்று சொல்லவில்லை. மூலைக்கு மூலை ஒருத்தன் நிறுத்தி ஒரு பிரச்னையைச் சொல்கிறான்.

நம்மூரும் ஒன்று வந்தது. 2018-ல் ஹிட்மேன் டூ-வில் மும்பை. நாலு சந்து, ஒரு ரயில்வே யார்டு, பாதி கட்டிய ஒரு டவர். ஆனால் ஜனம்! தோளை இடிக்காமல் போக முடியாது. அதுவும் பெரிய ஊராகத்தான் தோன்றுகிறது.

மாப்பிள்ளைக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. இந்தோனேஷியா பஸ் சிமுலேட்டர் என்று 2017-ல் வந்ததே, அதில் நம் அரசு பஸ் மாதிரியே பெயிண்ட் அடித்து ஓட்டுவான். நம் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் செய்கிற காரியம்தான். பஸ் நம்முடையது, ரோடு ஜாவா தீவினுடையது. அதில் மட்டும் ஊர் சின்னது என்று அவன் சொல்லிக் கேட்டதில்லை. ஏன் என்று கேட்டேன். "பஸ்ஸுன்னா நின்னு நின்னுதானே மாமா போகணும்" என்றான். சொன்னது என்னவென்று அவனுக்கே தெரியவில்லை.

* * *

சாயங்காலம் ஆறு மணிக்கு லிஸ்ட்டில் இருபத்தைந்து பெயரை அடித்தாயிற்று. கடைசி வீடுகளில் ஆளுக்கு அரை நிமிஷம்கூட உட்காரவில்லை, வெட்கக்கேடு. மீதி ஒன்று. அக்கா அதை எழுதும்போது பேனாவை அழுத்தாமல் எழுதியிருந்தாள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா வீடு.

அக்கா வீட்டிலிருந்து இரண்டு நிமிஷ நடை. ஒன்பது வருஷமாக யாரும் நடக்கவில்லை. காரணம் ஒரு காம்பவுண்டு சுவர், ஒன்றரை அடி நிலம். வேடிக்கை என்னவென்றால் அந்தச் சுவரை இரண்டு பேருமே இன்னும் கட்டவில்லை. இந்த ஒன்பது வருஷமாக அக்கா வீட்டில் யாரும் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. பால் வாங்க, பஸ் பிடிக்க, எல்லாவற்றுக்கும் சுற்றுவழி. மாப்பிள்ளை பதினைந்து வயசிலிருந்து சுற்றியே பழகிவிட்டான்.

விளையாட்டிலும் இது உண்டு. 2002-ல் வந்த வைஸ் சிட்டியில், புயல் எச்சரிக்கை என்று சொல்லி ஆரம்பத்திலேயே பாலத்தை மூடிவிடுவார்கள். அந்தப் பக்கம் போக முடியாது. சான் ஆண்ட்ரியாஸில், திறக்காத நகரத்துக்குள் அத்துமீறிக் கால் வைத்தால் தலைக்கு மேல் சட்டென்று நாலு ஸ்டார் விழும். போலீஸ் துரத்தும். ஆனால் அங்கே ஒரு சலுகை.  ஒரு ஷெட்டுக்குள் போய் வண்டிக்கு வேறு பெயிண்ட் அடித்துக்கொண்டு வந்தால், போலீஸ்காரனே வழிவிட்டு நிற்பான். வேங்கிக்காலில் வண்டிக்கு இல்லை, வீட்டுக்கே பெயிண்ட் அடித்தாலும் ஸ்டார் போகாது. பெரியப்பா வீட்டுக்கு இரண்டு தடவை பெயிண்ட் அடித்தார்கள். அப்போதும் இவர்கள் போகவில்லை.

அக்கா வீட்டுக்காரர்தான் போயிருக்க வேண்டும். அண்ணன் வீட்டுக்குத் தம்பி வைக்காமல் மச்சான் வைப்பதா? ஆனால் அவருக்கு அன்றைக்குப் பார்த்து முழங்கால் வலி. காலையில் பந்தல்காரரிடம் மாடிக்கும் கீழேயும் ஏறி இறங்கியபோது இல்லாத வலி.

தெருமுனையில் மாப்பிள்ளை வண்டியை நிறுத்திவிட்டான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல மாமா. எந்த வீடுன்னு மறந்துட்டேன்."

லாஸ் சாண்டோஸ் முழுக்கத் தலைகீழாகத் தெரிந்த பையன்.

கதவைத் திறந்தவர் பெரியம்மா. எங்களைப் பார்த்தார்கள். பிறகு மாப்பிள்ளையை மட்டும், கீழேயிருந்து மேலே வரை. "இவ்ளோ உசரமாயிட்டியேடா" என்றார்கள். அப்புறம் முந்தானையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

பெரியப்பா ஈஸிசேரில் இருந்தார். "வாங்க மச்சான்" என்றார் எனக்கு. மாப்பிள்ளையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தட்டை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரிகையை எடுத்தார். பெண் பெயரைப் பார்க்கவில்லை. முகூர்த்த நேரத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கீழே, 'தங்கள் நல்வரவை விரும்பும்' இடத்துக்குப் போனார். முதல் பெயர் அவருடையது. ஒரு முறை படித்தார். மறுபடியும் படித்தார். இன்ஷியல் சரியா என்று பார்த்திருப்பார்.

"உங்கப்பன் வரலையா?"

நான் முழங்காலைச் சொல்ல வாயெடுத்தேன். மாப்பிள்ளை முந்திக்கொண்டான்.

"வண்டியில மூணு பேர் உக்கார முடியாது பெரியப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. உள்ளே டம்ளர் ஆற்றுகிற சத்தம் மட்டும். எனக்கு அது பதினாறாவது காபி. அன்றைக்குக் குடித்ததில் சர்க்கரை கொஞ்சமும் தெரியாத ஒரே காபி.

பெரியப்பா எழுந்து ஆணியில் இருந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"முட்டி வலியோட அவன் எங்க வரப் போறான். நானே வந்து பார்க்கறேன்."

அவருக்கு முட்டி வலி விஷயம் எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"வண்டியில உக்காருங்க பெரியப்பா."

"ரெண்டு நிமிஷ நடைக்கு எதுக்குடா வண்டி?"

வாசலில் இறங்கினோம். மாப்பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பெரியப்பா கையில் பத்திரிகை. அடுத்த வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "தம்பி பொண்ணுக்குக் கல்யாணம்." அந்த வீட்டுக்காரர் சட்டை போடாமல் வெளியே ஓடி வந்தார். கண்ணாடி கொண்டு வரச் சொல்லிப் பத்திரிகையைப் படித்தார். மாப்பிள்ளை எந்த ஊர்? ஆரணியா? ஆரணியில எங்க? அதற்கடுத்த வீட்டிலும் நின்றார். எதிர்வீட்டு அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள், அவர்களுக்கும் தலையை அண்ணாந்து சொன்னார். இஸ்திரிக்காரர் வண்டியிடம் நின்றார். மளிகைக் கடையில் உட்கார ஸ்டூல் போட்டார்கள், உட்கார்ந்தார்.

ஏழு மணி. ஏழேகால். ஏழரை. அக்காவிடமிருந்து மூன்று மிஸ்டு கால்.

எங்கள் வீட்டு கேட் அதோ தெரிகிறது. நடுவில் இன்னும் ஒன்பது வாசல்.

மாப்பிள்ளை வண்டி ஹேண்டில் மேல் சாய்ந்துகொண்டு என் காதருகே வந்தான்.

"மாமா, இந்தத் தெரு எப்ப முடியும்?"